படிக்க முடியாத எழுத்தும் படிக்க மறந்த எழுத்தும்

எழுத்தைக் கற்பித்துப் பிழைப்பவர் நாம். காலையில் ஓதப்பள்ளியில் அலிஃபும் பாவும், பகலில் பள்ளிக்கூடத்தில் அகரமும் ஆகாரமுமாகப் பல்லாண்டுகள் கழிந்துவிட்டன. எழுத்து எங்கே தென்பட்டாலும் அதைப் படித்துவிட்டுத்தான் அப்பாற் செல்வது எம் கண்ணின் வழக்கம். உக்கடத்துக் கடைப்பலகையாயினும், பழைய அடக்கத்தலத்து மீசான் கல்லாயினும், மளிகைச் சாமான் சுற்றி வந்த தாளாயினும் எமக்கு ஒன்றே.

சில ஆண்டுகளுக்கு முன் சென்னை சென்றிருந்தபோது, அன்பர் ஒருவர் எம்மை ஈஞ்சம்பாக்கத்திலுள்ள சோழமண்டல ஓவியர் கிராமத்துக்கு அழைத்துச் சென்றார். அங்குள்ள காட்சிக்கூடத்தில் ஒரு படத்தின் முன் நின்றோம். நிறைய எழுத்து, வரி வரியாக, கட்டம் கட்டமாக எழுத்து. தூரத்திலிருந்து பார்த்தபோது மலையாளம் போலிருந்தது. பாலக்காட்டுக் கணவாய்க்கு இப்பால் வாழும் கோவைக்காரர்க்கு அவ்வெழுத்து முற்றிலும் அந்நியமானதன்று. அருகிற் சென்று படிக்க முயன்றோம். ஒரு சொல்லும் பிடிபடவில்லை. உடன் வந்த அன்பர் சிரித்தார். “ஹஜ்ரத், அது படிப்பதற்கு எழுதியதல்ல” என்றார்.

அன்று எமக்குண்டானது வியப்பு என்பதைவிடச் சினம் என்பதே உண்மை. படிக்கக் கூடாத எழுத்தை ஒருவர் ஏன் எழுத வேண்டும்? அந்தக் கேள்வியின் விடையைத் தேடியதில் விளைந்ததே இக்கட்டுரை.

அந்த ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர். 1911-ஆம் ஆண்டு மே மாதம் நம் கோயமுத்தூரிலே பிறந்தவர். பொன்னானியிலும் சென்னையிலும் கல்வி பயின்று, இளமையில் தந்தித் துறையில் ஊழியம் பார்த்துப் பின் அதனை விட்டு, 1936-இல் சென்னை அரசினர் கலைப்பள்ளியில் சேர்ந்தார். 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தோற்றுவித்த பள்ளி அது. அங்கே தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் மாணவராகப் பயின்று, ஆசிரியராகி, 1957-இல் அவருக்குப்பின் தலைவருமானார். 1944-இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தையும், 1966-இல் சோழமண்டல ஓவியர் கிராமத்தையும் நிறுவியவர் அவரே. 1977-இல் மறைந்தார். கேரளத்தார் அவர் பெயரால் திருவனந்தபுரத்தில் ஓர் ஓவியக்கூடமே அமைத்துப் போற்றுகின்றனர். பிறந்த ஊராகிய கோவையில் அவர் பெயரைச் சொன்னால் ‘யார்?’ என்று கேட்பவரே மிகுதி.

இவ்விடத்தில் வாசகர் சிலர் புருவம் நெரிக்கக்கூடும். ஓவியத்துக்கும் நம் ஏட்டுக்கும் என்ன தொடர்பு என்பர். உயிருள்ளவற்றின் உருவம் வரைவது பற்றி நம் இமாம்கள் கூறியவற்றையும், பின்வந்தோர் அதில் கொண்ட கருத்து வேற்றுமைகளையும் நாம் அறிவோம். மாணவர்க்குப் பாடமாகவும் நடத்தியுள்ளோம். அவ்வழக்கை இங்கே அவிழ்க்கப் போவதில்லை. எம்மை நிறுத்தி வைத்தது அப்படத்தில் இருந்த எழுத்து. எழுத்தைக் கலையாக்கியதில் ஆயிரம் ஆண்டுப் பயிற்சியுள்ள சமுதாயம் நாம். ஆகவே எழுத்தைப் படமாக்கிய ஒருவரைப்பற்றிக் கருத்துரைக்க நமக்கு உரிமையுண்டு; கடமையும் உண்டு.

முதலில் அவர் கையாண்ட கருவிகளைக் காண்போம். பணிக்கர் தொடங்கியது நீர்வண்ணத்தில். நீரும் தென்னையும் வயலும் வானமுமாக அவர் வரைந்த இயற்கைக் காட்சிகள் இளமையிலேயே அவருக்குப் பெயர் தேடித் தந்தன. நீர்வண்ணம் பொறுமையற்ற கருவி. தாளில் ஈரம் உலருமுன் தூரிகை முடிவெடுத்தாக வேண்டும்; எடுத்த முடிவை மாற்றவும் இயலாது. பின்னர் எண்ணெய் வண்ணத்துக்கு வந்தார். எண்ணெய் வண்ணம் மெதுவாக உலர்வது. அழிக்கவும் மேலே பூசவும் இடம் தருவது. மேனாட்டு ஓவியர்கள், சிறப்பாக வான்கோ போன்றோர், அவர் கையில் நெடுநாள் தங்கியிருந்தனர். 1954-இல் ஐரோப்பா சென்று திரும்பிய பின், ‘இந்தியன் ஒருவன் வரைந்தான் என்பதற்கு என் படத்தில் அடையாளம் எது?’ என்னும் கேள்வி அவரை விடாது பற்றிக்கொண்டது.

அதற்கு அவர் கண்ட விடை, எமக்குத் தெரிந்தவரையில், வேறெந்த ஓவியரும் தேடாத இடத்திலிருந்து வந்தது. 1963-ஆம் ஆண்டளவில் ஒரு மாணவனுடைய கணக்குப் பயிற்சி ஏட்டின் பக்கம் அவர் கண்ணிற் பட்டது. எண்கள், எழுத்துகள், கோடுகள், வடிவங்கள் எல்லாம் நெருங்கி நிறைந்த பக்கம். கணக்காசிரியர் அதில் பிழை தேடுவார். தகப்பனார் மதிப்பெண் தேடுவார். பணிக்கர் அதில் ஓர் ஓவியத்தைக் கண்டார். ‘சொற்களும் குறியீடுகளும்’ என்னும் பெயர் கொண்ட அவருடைய படவரிசை அவ்வாறு பிறந்தது. தொடக்கத்தில் உரோமன் எழுத்தும், உலகம் ‘அரபு எண்’ என்றழைக்கும் எண்ணும் அதில் இடம்பெற்றன; பின்னர் மலையாள எழுத்தின் சாயல் வந்தமர்ந்தது.

அந்த எண்களின் பிறவி வரலாற்றை இங்கே ஒரு வரியிற் சொல்லிச் செல்லலாம். இந்தியாவிற் பிறந்த அவ்வெண்களை அரபு அறிஞர்கள் ‘இந்திய எண்’ என்றே பெயரிட்டு வாங்கிக்கொண்டனர். அவர்களிடமிருந்து பெற்ற ஐரோப்பியர் ‘அரபு எண்’ என்றனர். மேனாட்டார் இயற்கணிதத்துக்கு வழங்கும் பெயரும், ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல் குவாரிஸ்மியின் நூற்பெயரில் உள்ள ‘அல் ஜப்ர்’ என்னும் சொல்லின் வழி வந்ததே. கோவையிற் பிறந்தவர் ஒருவர் சென்னையில் ஒரு மாணவனின் ஏட்டைப் பார்த்துத் தம் நாட்டின் அடையாளத்தைக் கண்டுகொண்டாரென்றால், அந்த ஏட்டுக்குள் பக்தாதும் இருந்தது.

இனி அவர் காட்சிப்படுத்தும் முறை. மேனாட்டு ஓவியம் சட்டத்தை ஒரு சன்னலாகக் கருதும். அதனுள்ளே தூரமும் அண்மையும் தோன்றச் செய்யும். பணிக்கரின் இப்படங்களில் சன்னல் இல்லை, பக்கம் இருக்கிறது. தூரம், ஆழம், நிழல் எவையும் இல்லை. பல படங்களில் பின்னணி, வெயில் கண்ட பழைய ஏட்டின் நிறத்தை நினைவூட்டும். அதன்மேல் மெல்லிய கோட்டில் வரிவரியான எழுத்து. இடையிடையே சாதகக் கட்டம் போன்ற சதுரங்கள், வட்டம், முக்கோணம். எழுத்துக் கூட்டத்தின் நடுவே ஒரு நாய், ஒரு பறவை, ஒரு மீன். அவையும் எழுத்தைப் போன்றே கோட்டாலானவை. வேறோர் எழுத்துமுறையைச் சேர்ந்த எழுத்துகளோ என மயங்கச் செய்பவை.

மதரஸாவில் ஓதியவர்க்கு இந்த அமைப்பு புதிதன்று. நம் பழைய கல்லச்சுக் கிதாபுகளை நினைத்துப் பாருங்கள். நடுவில் மூலம்; அதைச் சூழ்ந்து உரை; ஓரங்களில் ஹாஷியா என்னும் குறிப்புரை, சிலவிடங்களிற் சாய்வாகவும் சிலவிடங்களிற் தலைகீழாகவும் ஓடும். மூலத்தைவிட விளிம்பு கனத்து நிற்கும். அத்தகைய பக்கத்தை முதன்முதலிற் கண்ட பத்து வயதுச் சிறுவனுக்கு அது ஒரு படமாகவே தோன்றியிருக்கும். எமக்கு அப்படித்தான் தோன்றிற்று. பணிக்கரின் படத்தின் முன் எமக்கெழுந்த சினத்துக்குள் ஒளிந்திருந்த ஈர்ப்பு எது என்பது பின்னரே விளங்கியது. அது நாம் ஓதத் தொடங்கிய நாளின் நினைவு. பொருள் தெரியுமுன் எழுத்து கண்ணுக்கு எப்படியிருந்ததோ, அந்த நிலைக்கு அவர் நம்மை மீண்டும் அழைத்துச் செல்கிறார். கற்றவனைக் கல்லாதவனாக்கி நிறுத்துவது எளிய செயலன்று. அதில் அவர் வெற்றி பெற்றிருக்கிறார் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் இவ்வொப்புமையை ஓர் எல்லைக்குமேல் இழுக்கவியலாது. கட்டத்தையே எடுத்துக்கொள்வோம். நம்மவர் சிலர் தாயத்தில் எழுதும் ஒன்பது கட்டச் சதுரம் உண்டு. அதைக் கட்டிக்கொள்வதால் பயன் விளையுமா என்பதில் ஆலிம்களின் கருத்து வேறு வேறு, அது இருக்கட்டும். ஒன்று முதல் ஒன்பது வரையிலான எண்கள் அதில் நிற்கும் முறையைப் பாருங்கள். நேரே கூட்டினாலும், மேலிருந்து கீழாகக் கூட்டினாலும், குறுக்கே கூட்டினாலும் 15 வரும். கட்டத்துக்குள் ஒரு கணக்கு இருக்கிறது. பணிக்கரின் கட்டத்தில் அப்படியொரு கணக்கைத் தேடினால் கிட்டாது. கணக்கின் தோற்றம் உண்டு, கணக்கு இல்லை. எழுத்தின் தோற்றம் உண்டு, சொல் இல்லை.

கோட்டின் தரத்திலும் இவ்வேறுபாட்டைக் காணலாம். அரபு எழுத்துக்கலையில் கருவியே ஆசான். நாணற் கலத்தை எந்தக் கோணத்தில் சீவுகிறோமோ அதற்கேற்பக் கோடு தடித்தும் மெலிந்தும் வரும். பத்தாம் நூற்றாண்டில் பக்தாதில் அமைச்சராயிருந்த இப்னு முக்லா, கலத்தின் முனை பதிக்கும் சாய்சதுரப் புள்ளியை அளவுகோலாக்கி, அலிஃப் இத்தனை புள்ளி உயரம், பிற எழுத்துகள் அதற்கு இன்ன விகிதம் என்று வரையறுத்தார். அன்றுமுதல் எழுத்தின் அழகு ஒரு சட்டத்துக்குக் கட்டுப்பட்டது. பணிக்கரின் கோட்டில் அந்தச் சட்டம் கிடையாது. மாணவன் அவசரத்தில் கிறுக்குவது போன்ற கோடு அது. குறை சொல்வதற்காக இதைக் கூறவில்லை. எழுத்துக்கலைஞர் எழுத்தை அரியணையில் அமர்த்தினார். இவர் அதைத் தெருவில் நடக்கவிட்டார். இரண்டும் வேறு வேறு நோக்கங்கள்.

அவருடைய நோக்கம் யாது? எழுத்துக்குப் பொருள் இருந்துவிட்டால், காண்பவர் அப்பொருளைப் பற்றிக்கொண்டு படத்தைக் கைவிட்டுவிடுவர். சாதகமும் மந்திரமும் போன்ற தோற்றத்தில் உண்மையான சாதகத்தை எழுதிவிட்டால் அது சோதிடருக்குரிய தாளாகிவிடும். ஆகையால் பொருளைக் கழித்துவிட்டு, நம் நாட்டு மக்கள் நூற்றாண்டுகளாக எழுத்தின்மீது வைத்திருக்கும் அச்சத்தையும் நம்பிக்கையையும் மட்டும் தாளில் நிறுத்த முயன்றார் என்று நாம் புரிந்துகொள்கிறோம். கடன்வாங்கிய கையால் எழுதாமல் சொந்த மண்ணின் கையால் எழுத வேண்டும் என்ற வேட்கை அதன் வேர்.

இவ்வேட்கை அவருக்கு மட்டும் உரியதாயிருக்கவில்லை. பணிக்கர் ஐரோப்பா சென்ற அதே 1954-இல், சூடான் நாட்டு இளைஞர் இப்ராஹீம் அல் சலாஹி லண்டனில் ஓவியம் பயிலச் சென்றார். படித்து முடித்து நாடு திரும்பிக் கார்ட்டூமில் படங்களைக் காட்சிக்கு வைத்தபோது, தம் மக்களே அவற்றைத் திரும்பிப் பார்க்காததைக் கண்டு மனமுடைந்தார். பிறகு அம்மக்களின் வீடுகளில் எவை அழகுக்காக இடம்பெற்றுள்ளன என்று தேடிச் சென்று, அரபு எழுத்தை வந்தடைந்தார். எழுத்தை உடைத்துப் பார்த்தபோது அதனுள்ளிருந்து உருவங்கள் வெளிவந்தன என்று அவர் தம் அனுபவத்தை விளக்கியிருக்கிறார். இராக்கில் ஷாகிர் ஹசன் அல் சயீதும் அவருடைய தோழர்களும் 1971-இல் ‘ஒற்றைப் பரிமாணம்’ என்ற பெயரில் எழுத்தோவியங்களைப் பக்தாதில் காட்சிக்கு வைத்தனர். அந்நியர் ஆட்சி நீங்கிய நாடுகளில் ஓவியர்கள் தத்தம் எழுத்தை நோக்கித் திரும்பிய காலம் அது. ஒருவரையொருவர் பார்த்து எழுதினார்கள் என்று நாம் சொல்லத் துணியமாட்டோம். ஒரே கேள்வி பல ஊர்களில் கேட்கப்பட்டது. விடைகளும் உறவுடையனவாய் அமைந்தன.

பணிக்கரின் நோக்கில் இன்னொரு கூறும் பாராட்டுக்குரியது. ஓவியன் ஓவியத்தாலேயே வாழ முடியாத நாட்டில், அவன் செல்வரின் தயவையோ அரசின் தயவையோ எதிர்பாராமல் வாழ வழி என்ன என்று அவர் சிந்தித்தார். சோழமண்டலத்து ஓவியர்கள் பத்திக் துணி முதலான கைவினைப் பொருள்களைச் செய்து விற்று, அந்த வருவாயில் நிலம் வாங்கிக் குடியேறினர். பகலிற் கைத்தொழில், எஞ்சிய பொழுதிற் கலை. தையலும் எழுத்தும் வாணிகமும் செய்துகொண்டே இல்மைப் போதித்த நம் முன்னோரின் வழியும் இதுவே. கோவைத் தறிக்காரர்க்கும் சாயக்காரர்க்கும் இதை விளக்கிச் சொல்லவேண்டியதில்லை.

இனி எம் மறுப்பு. எழுத்து ஓர் அமானிதம். அது இன்னொருவரிடம் சேர்ப்பிக்கப்பட வேண்டிய ஒன்றைச் சுமந்து நிற்பது. சுமையை இறக்கிவிட்டு எழுத்தை மட்டும் நிறுத்துவது, முகவரியும் முத்திரையும் இட்ட உறையைக் கடிதமின்றி அனுப்புவதற்கு ஒப்பாகும்.

‘திருக்குர்ஆனிலேயே 29 அத்தியாயங்களின் தொடக்கத்தில் தனித்தனி எழுத்துகள் நிற்கவில்லையா? அவற்றின் பொருள் யாருக்குத் தெரியும்?’ என்று ஓர் இளம் ஆலிம் எம்மிடம் கேட்டார். நல்ல கேள்வி. அரபு எழுத்து 28-இல் சரிபாதியாகிய 14 எழுத்துகள் அவ்வாறு வருகின்றன. அவற்றின் உட்பொருளை அல்லாஹ்வே அறிவான் என்று அறிஞர் பலர் அமைந்துவிட்டனர். ஆனால் அங்கே பொருள் இல்லையென்று எவரும் சொல்லவில்லை. நம் அறிவு அதை எட்டவில்லை என்றே சொன்னார்கள். பொருள் அறியாமல் ஓதுபவருக்கும் நன்மையுண்டு என்று நாம் நம்புவதும், பொருள் அங்கே உண்டென்னும் உறுதியால்தான். பணிக்கரின் படத்தின் முன் நிற்பவருக்கு அந்த உறுதி இல்லை. அவர் அடைவது மயக்கம்; பணிவு அன்று. இரண்டும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலிருக்கும்.

மற்றொரு குறையும் உண்டு. 1963 முதல் வாழ்நாள் இறுதிவரை இவ்வொரு வழியிலேயே அவர் நடந்தார். முதற் படத்தில் அதிர்ச்சியாயிருந்தது, பின்வந்தவற்றிற் சிலவற்றில் வாய்ப்பாடாகி விட்டது. அவருக்குப்பின் வந்தோர் கையில் அது இன்னும் மெலிந்தது. திருமண அழைப்பிலும் தேநீர்க் கோப்பையிலும் துப்பட்டாவிலும் எழுத்தை அலங்காரமாய் அச்சிடும் இக்காலத்தில், பொருளற்ற எழுத்து எவரையும் திடுக்கிடச் செய்வதில்லை.

இவ்வளவும் எழுதி, தீர்ப்பையும் எழுதிவிடலாம் என்று கருதியிருந்த வேளையில், எம் இல்லத்தில் நிகழ்ந்த ஒரு சிறு செய்தி எம் பேனாவை நிறுத்தியது.

வீட்டுக்கு வெள்ளையடிப்பதற்காகப் பழைய மரப்பெட்டியை ஒழித்தோம். எம் பாட்டியார் ஓதிவந்த நூலொன்று அதிலிருந்து வெளிப்பட்டது. கல்லச்சில் அச்சான, முன்னட்டை கிழிந்த நூல். எம் மகன் அதைப் பயபக்தியுடன் இரு கைகளாலும் எடுத்து, கண்ணில் ஒற்றி, “அத்தா, குர்ஆன் பிரதிபோலிருக்கிறது, உயரமான இடத்தில் வைக்கட்டுமா?” என்றான். வாங்கிப் பார்த்தோம். குர்ஆன் அன்று, அரபியுமன்று. அரபுத்தமிழ். அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்குப் புள்ளி கூட்டி எழுத்துகளை உண்டாக்கி, தமிழை அரபு வரிவடிவத்தில் எழுதி வந்தார்களே நம் முன்னோர், அந்த எழுத்து. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்ற பெரியோர் மார்க்க நூல்களை இயற்றி வளர்த்த எழுத்து. தமிழெழுத்துப் படிக்க வாய்ப்பில்லாத பெண்கள் எத்தனையோ பேருக்கு மார்க்கமும் மருத்துவமும் கற்பித்த எழுத்து.

நாம் ஒரு பக்கத்தைத் திறந்து வாய்விட்டுப் படித்தோம். ஒளுச் செய்யும் முறையும், பிள்ளைத்தாய்ச்சியின் தொழுகை பற்றிய விளக்கமுமாக இருந்தது. வீட்டிலுள்ளோர் வந்து கூடிவிட்டனர். “இது நம்ம பாட்டி பேசுற மாதிரியல்லவா இருக்கு!” என்றாள் எம் தமக்கை. மகன் வாயடைத்து நின்றான். தன் தாய்மொழியைக் கையில் ஏந்திக்கொண்டு, அதை அந்நிய மொழியென்றும் வெறும் பரக்கத்துப் பொருளென்றும் அவன் எண்ணியிருந்தான்.

பணிக்கரின் படம் அப்போது எம் நினைவுக்கு வந்தது. அவர் படிக்கத் தெரிந்து, வேண்டுமென்றே படிக்க முடியாத எழுத்தை எழுதினார். நாமோ படிக்கத்தக்க எழுத்தை, கவனக்குறைவால் படிக்க முடியாததாக்கி வைத்திருக்கிறோம். அவருடைய உறையில் கடிதம் இல்லை என்று குறைகூறிய நாம், கடிதம் நிறைந்த உறைகளைப் பிரிக்காமல் பெட்டியில் அடுக்கியிருக்கிறோம். சுவரில் சட்டமிட்டு மாட்டியுள்ள ஆயத்துகளையும் எண்ணிப் பாருங்கள். தங்க நிறத்தில் எழுதியிருக்கிறது, தூசு துடைக்கிறோம், வந்தவர்க்குக் காட்டுகிறோம். அது எந்த ஆயத்து, என்ன சொல்கிறது என்று வீட்டுப் பிள்ளையைக் கேட்டால் எத்தனை வீடுகளில் விடை வரும்? விடை வராத வீட்டில் அதுவும் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையில் ஒரு படமே.

ஆகவே எம் தீர்ப்பை மாற்றி எழுதுகிறோம். பணிக்கரின் எழுத்து அமானிதத்தைச் சுமக்கவில்லை என்ற எம் மறுப்பு மறுப்பாகவே இருக்கட்டும். ஆயினும், படிக்க இயலாத எழுத்தின் முன் நிற்பது எத்தகைய தவிப்பு என்பதை எழுத்தறிந்தவருக்கும் உணர்த்திவிட்டார். கண்ணாடி தன்னிடம் உருவம் ஏதும் இல்லாமலேயே நம் முகத்தைக் காட்டுவதுபோல, அவருடைய வெற்றெழுத்து நம் மறதியைக் காட்டிற்று. ஒரு படைப்பிடமிருந்து இதற்குமேல் எதிர்பார்ப்பது நியாயமன்று.

சென்னை செல்லும் அன்பர்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு சோழமண்டலத்துக்கு ஒருமுறை சென்று வரலாம். கோவையிலுள்ளோர்க்கு அவிநாசி சாலைக் கஸ்தூரி சீனிவாசன் கலைக்கூடம் அருகிலேயே இருக்கிறது. ஓவியத்தின் முன் பொறுமையாய் நிற்கும் பழக்கத்தை அங்கே தொடங்கலாம். திரும்பி வந்ததும் வீட்டுப் பெட்டியைத் திறவுங்கள். பாட்டியின் நூல் எதுவும் அகப்பட்டால், அரபுத்தமிழ் படிக்கத் தெரிந்த முதியவர் ஒருவரைத் தேடிப் பிடித்து, ஒரு பக்கத்தையேனும் பிள்ளைகள் முன் வாய்விட்டுப் படிக்கச் செய்யுங்கள். அப்படிப் படிப்போர் ஊருக்கு ஒருவர் இருவரே எஞ்சியுள்ளனர். எம் வீட்டில் மஃரிபுக்குப் பின் நாளொன்றுக்கு அரைப்பக்கம் நடந்து வருகிறது. மகன் இப்போது ழகரத்துக்குரிய எழுத்தை அடையாளம் கண்டுகொள்கிறான்.